பட்டாளத்தார் ஜீப்பின் டை ராடு

பட்டாளத்தார் தன் ஜீப்புக்கு வாங்கிய டை ராடுகள் ஒவ்வொன்றும் கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் அரை அங்குலம் வளர்ந்தன. முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்புத் தண்டு அது. அரை அங்குலம் கூடினால் சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும், ஸ்டீயரிங்கை என்ன திருப்பினாலும் வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். முதல் தண்டு வளர்ந்தபோது மெக்கானிக் கடைக்காரரைத் திட்டினான். இரண்டாவதுக்குக் கடைக்காரர் மெக்கானிக்கைத் திட்டினார். ஐந்தாவது வந்தபோது யாரும் யாரையும் திட்டவில்லை. மற்ற நான்கோடு சேர்த்துச் சுவரில் சாய்த்துவைத்தார்கள், மெக்கானிக்கின் மனைவி அவற்றில் துணி காயப்போட்டாள். பட்டாளத்தார் எந்தப் பட்டாளத்திலும் இருந்தவரல்ல. தபால் உறைகளுக்குப் பசை தடவும் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவர். ஏலத்தில் அந்த ஜீப்பை எடுத்த நாளிலிருந்து மீசையை முறுக்கிக்கொண்டு, "ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி, சண்டைக்குப் போன வண்டி" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் அளந்துவிட்டதால் ஊர் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வைத்த பெயர் அது. அதைப் பட்டமாக எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அவர் மனைவி டீச்சர். பதினெட்டு வருஷம் காத்திருந்து தலைமையாசிரியை ஆனாள். போட்ட இடம் மலைமேல் பள்ளி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் பதவி, பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அடுத்தவர் யாரென்பதும் அவளுக்குத் தெரியும், வகுப்பில் நாற்காலியைச் சாய்த்துக் குறட்டை விடுகிற மகானுபாவர். மழையில் மலைப்பாதை சரிந்து கிடந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் ஏறும், ஊரில் அப்படி இருந்தது இந்த ஒன்றுதான். நடக்கலாமென்றால் அவளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன.

"இன்னும் மூணு நாள்தான் இருக்கு. ஒரு கம்பி வாங்கிட்டு வரத் துப்பில்லையா உங்களுக்கு?" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? அந்தக் காலத்து வண்டி, அது லேசுல எதையும் ஏத்துக்காது," என்று பெருமையாக மீசையைத் தடவினார். டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை அவளும் கூடவே கடைக்குப் போனாள். கடைக்காரர் வண்டியிலிருந்து கழற்றிய பழைய தண்டையும் புதியதையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார். அந்தத் தெருவில் அப்படி ஒத்துப் பார்க்காமல் எதையும் கட்டித் தரமாட்டார்கள். மயிரிழை பிசகில்லை. காகிதம் சுற்றிக்கொண்டே, "வண்டி எந்த வருஷம் சார்?" என்று பேச்சுக்குக் கேட்டார். "ஐம்பத்தெட்டு!" என்று பட்டாளத்தார் நெஞ்சை நிமிர்த்தினார். தண்டின் முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததை டீச்சர் கண்ணால் பார்த்தாள். கடைக்காரரும் பார்த்தார். "சில பேர் சொன்னா இப்படி ஆகும்மா. போன மாசம் ஒருத்தருக்கு சைலன்சர் நீண்டு தெரு வரைக்கும் போயிடுச்சு," என்றார், மழை வரும்போலிருக்கிறது என்கிற குரலில். வண்டி எழுபத்தொன்பதாம் வருஷத்தது, நகராட்சியில் கொசு மருந்து அடித்தது. ஆர்.சி. புத்தகத்தில் அதை அவள் என்றைக்கோ படித்திருந்தாள். பாவம், ஒரு பெருமைதானே, போகட்டும் என்று விட்டிருந்தாள். அந்த இரக்கத்தை நினைக்க இப்போது தன்மேலேயே எரிச்சலாக வந்தது. "நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க," என்று அவரை அனுப்பிவிட்டு இன்னொன்றை எடுக்கச் சொன்னாள். கேட்டபோது உண்மை வருஷத்தைச் சொன்னாள். தண்டு சாதுவாகக் கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தாள், வழிநெடுக அவரை வாய் திறக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாட்டினார்கள், கச்சிதமாக உட்கார்ந்தது.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். ஓட்டியவர் அவர்தான், அவள் வண்டியைத் தொடுவதே அவருக்கு ஆகாது. ஒன்பதாவது வளைவில் பாறை அள்ளும் இயந்திரம் வழியை மறித்து நின்றது. அதை ஓட்டுகிறவன் ஒதுங்கி வழிவிட்டு, ஜீப்பை மேலும் கீழும் பார்த்து, "அடேங்கப்பா! எந்த வருஷத்து வண்டிண்ணே?" என்றான்.

"வாயைத் திறந்தீங்க, தெரியும்," என்றாள் டீச்சர். பக்கத்தில் கிடுகிடு பள்ளம். பதினெட்டு வருஷக் காத்திருப்பு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது. "ஒரு நிமிஷம், இறங்கிச் சொல்லிட்டு வந்துடறேனே," என்று பட்டாளத்தார் கெஞ்சினார். சொன்னபடியே இறங்கியும் விட்டார், அந்த மனுஷன்! டீச்சர் நகர்ந்து ஸ்டீயரிங்கின் முன்னால் உட்கார்ந்தாள். லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷமாகியிருந்தது, அலமாரியில் புடவைகளுக்கு அடியில் கிடந்ததை அவர் பார்த்ததேயில்லை. ஜீப் மூன்று வளைவு தாண்டியபோது கீழே "ஐம்பத்தெட்டு!" என்று அவர் குரல் கேட்டது, பின்னாலேயே இரும்பு முனகுகிற சத்தம். டை ராடு அசையவில்லை. வளர்ந்தது இயந்திரத்தின் கை. அது எதிர்ப்பாறையில் போய்ச் செருகிக்கொண்டது, இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது; நெடுஞ்சாலைத் துறை அதற்கு வெள்ளையடித்து வளைவு எண்ணை எழுதியிருக்கிறது.

டீச்சர் ஒன்பது நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டாள். மேலேயே வீடும் கிடைத்தது. சனிக்கிழமைதோறும் சாமான் வாங்க இறங்கி வருவாள். திரும்பும்போது அடிவாரத்தில் பையோடு காத்திருக்கும் கணவரின் பக்கத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், "வண்டி எந்த வருஷம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்பாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். அவள் கியரைப் போட்டுக் கிளம்பிவிடுவாள். பட்டாளத்தார் பதினாலு வளைவையும் நடந்தே ஏறுகிறார்.