தொண்ணூறு டிகிரி

எங்காவது போக வேண்டும் என்றால் நான் வீட்டையே இரண்டாக்கிவிடுவேன். சீப்பு கிடைக்காது, சாவி கிடைக்காது, ஒரு கால் செருப்போடு வாசலில் நின்று எல்லோரையும் திட்டுவேன். ஊருக்குப் போகிற லட்சணம் அதுதான் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுப் பெண் அப்படியில்லை. பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே கட்டில்மேல் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டாள். ஒரு நாளைக்கு ஒரு சாமான். முதல் நாள் கைக்குட்டைகளை நான்காக மடித்து ஒரு மூலையில் வைத்தாள். மறுநாள் செருப்பைக் கழுவி, காயவைத்து, பையில் சுற்றி வைத்தாள். வைத்ததும் ஒரு தாளில் டிக். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட வந்துவிடுவாள். அவள் அப்பா அவளை ஆபீசர் என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

அந்த நிதானம்தான் என்னைக் கொன்றது. பெற்ற அம்மாவைப் பார்க்கப் போகிறாளாம். போகட்டும், யார் வேண்டாம் என்றது? கொஞ்சம் பதறிக்கொண்டு போகக் கூடாதா? எங்களை விட்டுப் போகிறோமே என்று ஒரு வேளைச் சாப்பாடாவது இறங்காமல் இருக்கக் கூடாதா?

நான் அவளுக்குச் சித்தி, அவள் அப்பாவுக்கு இரண்டாம் தாரம். ஆறு வயதில், முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு என் கைக்கு வந்தாள். இப்போது பதினேழு. அவளுக்கு நாலு வயது இருக்கும்போது அவள் அம்மா புருஷனோடு ஒத்துவராமல், ரயிலில் ஒரு பகல் தூரம் இருக்கிற ஒரு குளிர் ஊருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கூட இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் திடீரென்று ஞானோதயம் வந்து போன் செய்தாள். அன்றிலிருந்து வாரம் தவறுவதில்லை. இவளும் ஜன்னலோரம் நின்றுகொண்டு, "நீ சாப்பிட்டியாம்மா? நீ ஸ்டேஷனுக்கு வந்துடுவல்ல?" என்று கொஞ்சுவாள். பதினோரு வருடம் சோறு போட்டு வளர்த்த எனக்கு 'நீங்க'. மூன்று மாதம் போனில் கேட்ட குரலுக்கு 'நீ'. எனக்கென்று வயிற்றில் பிள்ளை எதுவும் பிறக்கவில்லை, எரிச்சலாவது பிறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இருபது நாள் என்றுதான் பேச்சு. ஆனால் அந்த அம்மாள், "இங்க நல்ல காலேஜ் இருக்கு, என்கூடவே தங்கிப் படி" என்று கேட்டிருக்கிறாள். "வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்காரர்தான் இதை என்னிடம் சொன்னார். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், எந்த மாடியிலும் நிலையாக நிற்க மாட்டார். "அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். ஆக, இவள் போவது ஊர் பார்க்க இல்லை. எங்களிடம் திரும்பி வருவதா வேண்டாமா என்று பார்க்கத்தான் போகிறாள்.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கென்ன வந்தது என்று காட்டுவதற்காகவே கடைக்குப் போய் அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தேன். "தேங்க்ஸ் சித்தி" என்று வாங்கிக்கொண்டு, தாளில் டிக் போட்டாள்.

ஏழாம் நாள் அங்கிருந்து ஒரு பார்சல் வந்தது. அந்த ஊரில் குளிருமாம். கடுகு மஞ்சளில் ஒரு கம்பளி ஸ்வெட்டர். போட்டுப் பார்த்தாள். தோளும் கையும் பக்கத்தில் வைத்து அளந்து பின்னிய மாதிரி அப்படியே உட்கார்ந்தது. அளவை இவளே போனில் சொல்லியிருப்பாள், அது எனக்கும் தெரியும். இருந்தாலும், நான் வாங்கித் தருகிற சட்டை ஒன்று தொளதொளவென்று தொங்கும், இல்லையென்றால் அக்குளில் பிடிக்கும். பதின்மூன்று வருடம் கண்ணால் பார்க்காதவள் அனுப்பினது மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்? வயிறு எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைக்கு அழகாகவும் இருந்தது. அதனால் இன்னும் எரிந்தது.

"ஒரு மாதிரி கடை வாசனை அடிக்குது சித்தி," என்று கழற்றி என் கையில் கொடுத்தாள். "நான் துவைச்சா கெடுத்துடுவேன். நீங்களே துவைச்சுக் குடுங்க."

நான் ஒரு ஹோட்டல் லாண்டரியில் வேலை பார்க்கிறேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. படுக்கை விரிப்பு, துண்டெல்லாம் தொண்ணூறு டிகிரி வெந்நீரில் போட வேண்டும். கம்பளி சூட்டில் சுருங்கிவிடும், அதை முப்பதில், தனியாகத் துவைத்து, முறுக்காமல், துண்டின்மேல் பரப்பிக் காயவைக்க வேண்டும். தங்க வருகிறவர்கள் துணியில் ஒரு பொத்தானைக்கூட நான் இதுவரை கெடுத்ததில்லை.

ரயில் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை ஷிஃப்டில் அந்த ஸ்வெட்டரைப் பையிலிருந்து எடுத்தேன். முப்பதில் போடத்தான் எடுத்தேன், சத்தியமாக. கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது, ரயிலைவிட்டு இறங்குகிற இவளை அந்த அம்மாள் இதே ஸ்வெட்டரோடு கட்டிப்பிடித்துக்கொள்வது கண்முன்னால் வந்தது. விரிப்புகளோடு சேர்த்துத் தொண்ணூறு டிகிரி மெஷினுக்குள் திணித்துக் கதவைச் சாத்தினேன்.

பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அண்ணன் பார்த்துவிட்டார். "என்னம்மா, கம்பளியைப் போய் அதுல போடுற? தூக்கக் கலக்கமா?"

"உங்க வேலையைப் பாருங்கண்ணே."

முடிந்து கதவைத் திறந்தபோது நாலு வெள்ளை விரிப்பு மஞ்சள் பூத்திருந்தது. அது ஒரு தனிக் கூத்து. ஸ்வெட்டர் அட்டை மாதிரி கெட்டித்துப்போய், நாலு வயதுப் பிள்ளைக்குப் போடுகிற அளவில் கிடந்தது. நீ விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு இப்போது சரியாக இருக்கும், எடுத்துக்கோ என்று மனதுக்குள் அந்த அம்மாளிடம் சொன்னேன். அந்தச் சந்தோஷம் வீடு போய்ச் சேரும்வரைகூடத் தாங்கவில்லை. பஸ்ஸிலேயே என்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று. பெட்டியில் ஸ்வெட்டருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தாள். பையை நீட்டினேன். எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"மெஷின் கெட்டுப்போச்சு," என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதில் பள்ளி விடுமுறையை எல்லாம் அந்த லாண்டரியில் கழித்தவள் அவள். துணி மடிக்கவே அங்கேதான் பழகினாள். பொய் சொல்லும்போது அந்த ஞாபகம் எனக்கு வரவில்லை.

"மெஷின் கெட்டா தண்ணி சூடாகாது சித்தி. பச்சைத் தண்ணியிலதானே ஓடும்."

நான் காலிப் பையை மடிக்க ஆரம்பித்தேன்.

"எத்தனை டிகிரி?"

"தொண்ணூறு."

"வேணும்னேவா?"

"ஆமா, வேணும்னேதான்!" என்று கத்திவிட்டேன். "பொறாமைதான். எனக்குப் பொறாமைதான், என்ன பண்ணணும் இப்ப? ஜுரம்னா கண்ணு முழிச்சது நான், தலையில பேன் பாத்தது நான். பதிமூணு வருஷம் கழிச்சு ஒரு ஸ்வெட்டரை அனுப்பி உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாளா அவ? நீயும் பெரிய மகாராணி மாதிரி டிக் போட்டு டிக் போட்டுப் பெட்டி கட்டுற!"

அழுவாள் என்று நினைத்தேன். இல்லையென்றால் ஒன்றும் பேசாமல் பெட்டியைப் பூட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் பெட்டியைக் கட்டிலிலிருந்து ஒரே தள்ளு தள்ளினாள். துணி, செருப்பு, பற்பசை எல்லாம் தரையில் சிதறின. இத்தனை வருடத்தில் அவள் ஒரு பொருளைத் தள்ளிவிட்டு நான் பார்த்ததில்லை.

"இது ஒரு மணி நேர வேலை சித்தி! இதை ஏன் பத்து நாளாக் கட்டுறேன்னு யாராவது கேட்டீங்களா? தினம் ஒண்ணை எடுத்து வெச்சுட்டு உங்க மூஞ்சியைத்தான் பாக்குறேன், இன்னிக்காவது போகாதேன்னு சொல்லுவீங்களான்னு. அப்பா டிக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டுறாரு. நீங்க பூட்டு வாங்கிட்டு வர்றீங்க!"

கட்டிலில் உட்கார்ந்தேன். "நான் யாருடி உன்னைப் போகாதேன்னு சொல்ல?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் பத்து நாளாக் காத்துட்டிருந்தேன்," என்றாள்.

அப்புறம் நான்தான் குனிந்து துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். அவளும் எதிரில் உட்கார்ந்து பொறுக்கினாள்.

"போகாதே," என்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

"இப்ப சொல்றீங்களே. அம்மா அங்க காத்துட்டிருப்பா. எனக்கும் பாக்கணும் சித்தி. அவ மூஞ்சியே எனக்கு ஞாபகமில்லை."

அதைக் கேட்டும் வயிறு எரியத்தான் செய்தது. அது அவ்வளவு சீக்கிரம் அணைகிற சங்கதி இல்லை.

"சரி, போ. இருபது நாள். அதுக்கு மேல ஒரு நாள் அங்க இருந்தே, நானே வந்து உன்னை இழுத்துட்டு வருவேன், பாத்துக்கோ."

"வர வழி தெரியுமா உங்களுக்கு?"

"அவ வீட்டு வழி எனக்கு என்னத்துக்குத் தெரியணும்?"

அவள் எழுந்து பேனாவையும் ஒரு தாளையும் எடுத்து வந்து, தரையிலேயே உட்கார்ந்து எழுதினாள். ஸ்டேஷனில் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும், எத்தனையாம் நம்பர் பஸ், எத்தனையாவது நிறுத்தம், மருந்துக்கடைக்கு எதிர்ச் சந்து, இரண்டாவது மாடி, இடது பக்கக் கதவு. ஒன்றையும் விடவில்லை. எழுதி முடித்ததும் ஒரு தடவை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத் தாளை என் கையில் கொடுத்தாள்.

"காலிங்பெல் வேலை செய்யாதாம். கதவைத் தட்டணும்."

"தட்டுறதா? உடைச்சுடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தொண்ணாவது நாள் எந்த ரயில்ல வருவீங்க?" என்று கேட்டாள்.

"முதல் ரயில்ல," என்றேன்.