இருபத்தெட்டாவது வரி

காலை ஆறேகாலுக்கு எழுப்ப வேண்டும். கூப்பிட்டு எழுப்பக் கூடாது. உள்ளங்காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். லேசாகத் தொட்டால் நெருப்புப் பட்டதுபோல் துள்ளுவாள். பால் ஸ்டீல் டம்ளரில் ஆகாது, பிளாஸ்டிக் கோப்பை. கரண்டி மரத்தில். சட்டைக் கழுத்தில் தைத்த துணிச்சீட்டை நூல்கூட மிச்சமில்லாமல் பிரித்திருக்க வேண்டும். காலுறையை உள்வெளியாகத் திருப்பி மாட்ட வேண்டும், தையல் விரலில் படக் கூடாது. மிக்ஸி போடுவதென்றால் முன்கூட்டியே சொல்லி, மூன்று எண்ணி, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, அப்புறம்தான்.

இதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் இருந்தது. மொத்தம் இருபத்தெட்டு வரி. எழுதியவள் செத்து இன்றோடு பத்தொன்பது நாள். அவள் கணவன் தாளைப் பார்ப்பதும் மகளைப் பார்ப்பதுமாக ஒவ்வொரு வரியாகச் செய்து முடித்தான்.

மகளுக்கு வயது ஐந்தரை. பார்க்கிறவர்கள் இரண்டரை என்பார்கள். குரோமோசோம் ஒன்றில் நூல்முனை அளவு இல்லாமல் பிறந்தவள். உடம்பு வளரவில்லை, காதும் தோலும் மட்டும் ஊருக்கே சேர்த்து வேலை பார்த்தன. வளர்ச்சி அட்டையில் கடைசிக் கோட்டுக்கும் கீழே ஒரு புள்ளி வைத்து டாக்டர் முகத்தைத் தொங்கப் போட்டபோது, "இருக்கட்டும் டாக்டர், கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்று சொல்லி அவரையே சிரிக்க வைத்தாள் தாய். அன்றிலிருந்து பிள்ளைக்குப் பேர் கடுகு.

கடுகிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறாளோ அதை அப்படியே வாயால் போட்டுக் காட்டுவாள். மேல்வீட்டு வாஷிங் மெஷின், தெருமுனைக் குப்பை வண்டி, பக்கத்து வீட்டுக்காரர் தும்மல் எல்லாம் அவள் வாயில் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் தன் தும்மலைக் கேட்டுவிட்டு, தனக்கு இவ்வளவு மோசமாகவா வருகிறது என்று பெண்டாட்டியிடம் போய் விசாரித்தாராம்.

அவனுக்கு ஃபோம் கம்பெனியில் வேலை. கேமரா, மீட்டர், கண்ணாடிச் சாமான் எல்லாம் பெட்டியில் ஆடாமல் போய்ச் சேர, அதனதன் வடிவத்துக்குக் குழி வரைந்து வெட்டுவது. அரை மில்லிமீட்டர் தவறினால் சாமான் ஆடும், ஆடினால் உடையும். மிச்சத் துண்டுகளை வீட்டுக்கு எடுத்து வருவான். நாற்காலிக் கால்களுக்கு அடியில், கதவு நிலைகளில், ஃபிரிட்ஜுக்குக் கீழே என்று ஐந்து வருடமாக ஒட்டி ஒட்டி, வீடே உடையக்கூடிய சாமானை வைத்த பெட்டிபோல் ஆகியிருந்தது.

கடைசியாக வெட்டியது குளியலறைக்கு. அங்கே கேஸ் கீசர் இருந்தது. கடுகை எப்போதும் சமையலறையில் தொட்டி வைத்துத்தான் குளிப்பாட்டுவார்கள். கீசர் பெரியவர்களுக்கு மட்டும். ஆனால் குளியலறை வென்டிலேட்டரும் கடுகு படுக்கும் அறை ஜன்னலும் ஒரே குறுகிய சந்துப் பக்கம் திறந்திருந்தன. விடிகாலையில் தாய் கீசரைப் போட்டால் கடுகு புரண்டு விழித்துக்கொள்வாள். எத்தனையோ மாதம் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட கடுகு, திடீரென்று பொறுக்க மாட்டேன் என்று அலற ஆரம்பித்தாள். ஒரு சனிக்கிழமை அவன் வென்டிலேட்டரை அளவெடுத்தான், ஒரு துண்டு வெட்டினான், கதவடிக்கு ஒரு பட்டையும் வெட்டினான். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளிக்கப் போனாள். கதவை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மூடிய அறையில் கீசர் கக்கும் நஞ்சுக்காற்றுக்கு வாசனை கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஃபோமைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேஸ் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் உடைந்த குளியலறைக் கதவைக் கயிற்றால் கட்டிச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். இன்று பத்து மணிக்குக் கேஸ் கம்பெனி ஆய்வாளர் வந்து பிரிக்கிறார். கேட்பார். சொல்லியாக வேண்டும்.

தன்னைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடம் மரத்துக் கிடந்தது. பயம் ஒன்றுதான். மூன்றாம் நாளே மனைவியின் அக்காள், கடுகுக்குப் பெரியம்மா, கூடத்தில் பத்துப் பேர் நடுவே கேட்டுவிட்டாள்: "குண்டூசி விழுந்தா முழிச்சுக்கிறவ, பெத்தவ விழுந்தப்ப மட்டும் தூங்கினாளா?" அழுகையில் வந்த பேச்சு. ஆனால் கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஃபோம் எதற்கு என்று தெரிந்தால் அந்தத் தலைகள் வாய் திறக்கும். கடுகு என்ற பேர் போய்த் தாயை முழுங்கினவள் என்ற பேர் வரும். அந்தப் பேர் கடுகைவிட வேகமாக வளரும்.

பெரியம்மா ஒன்பதரைக்கே வந்தாள். அறிக்கையைத் தன் காதால் கேட்க வேண்டும் என்றாள். அவன் நாற்காலியைக் காட்டினான். அவள் இழுத்தாள், சத்தம் வரவில்லை. குனிந்து நாற்காலிக் காலைப் பார்த்தாள்.

ஆய்வாளர் அழைப்பு மணியை இரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார். மணியின் கம்பியைப் பிடுங்கி வருடக்கணக்கு ஆகிறது. ஐம்பது வயது மனிதர், கையில் கருவிப் பெட்டி. சீலைப் பிரித்து, ஸ்டூல் போட்டு ஏறி, வென்டிலேட்டரில் கை வைத்தார். ஃபோம் மேசை இழுப்பறைபோல வழுக்கிக்கொண்டு வந்தது.

"யாரோ தொழில் தெரிஞ்ச ஆளு வெட்டியிருக்காங்க. தலைமுடி நுழையாது" என்றார். பழக்கத்தில் வந்த பாராட்டு. சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்து, வாயை மூடிக்கொண்டார்.

கீசரின் மூடியைக் கழற்றினார். விரலை விட்டு எடுத்தார். விரல் கரியாக வந்தது. பர்னர் பாதிக்கு மேல் அடைத்துக் கிடக்கிறது, இது ஒருநாளில் அடைவதில்லை என்றார். வென்டிலேட்டர் திறந்திருந்தவரை காற்று எப்படியோ காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்றும் சொன்னார். பிறகு திரும்பினார்.

"அடைச்சா முதல்ல சத்தம்தான் சார் மாறும். அதை வச்சுத்தான் நிறையப் பேர் எங்களைக் கூப்பிடுவாங்க. வீட்ல யாருமே கவனிக்கலையா?"

அவன் இல்லை என்று தலையாட்டப் போனான்.

சமையலறை வாசலில் கடுகு நின்றிருந்தாள். ஹெட்ஃபோன் கழுத்தில் கிடந்தது. கழற்றி வைத்த கீசர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தவள் உதட்டைக் குவித்தாள். ஊஊ என்று சீராக, காற்று வீசுவதுபோல ஒரு சத்தம் போட்டாள்.

"இது பழசு" என்றாள்.

பிறகு ஒரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். ஃபுப், ஃபுப், ஊஃப். மூச்சுத் திணறுகிறவனுடைய மூச்சுப்போல விட்டு விட்டு வந்தது. "இது புதுசு."

ஸ்பேனர் ஆய்வாளர் கையிலேயே நின்றது.

"பாப்பா, இன்னொரு தரம் போடு."

போட்டாள். அதே இடைவெளி, அதே திணறல். ஆய்வாளர் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். "இருபத்திரண்டு வருசமா இதே வேலை பாக்குறேன் சார். மூடியத் திறக்காம எனக்கே சொல்ல வராது. இந்தப் பிள்ள எத்தன நாளா இப்படிச் சொல்லுது?"

அவன் சமையலறைக்குப் போனான். ஃபிரிட்ஜ் முன்னால் நின்றான். இருபத்தெட்டாவது வரி மற்ற வரிகளைவிட நெருக்கமாக, தாளின் அடியில் இடமில்லாமல் வளைந்து ஏறியிருந்தது. கீசர். ரெண்டு நாளா ரொம்ப அடம். வேற மாதிரி ஊதிக் காட்டுறா. இவர் அடைச்சுத் தர்றேன்னார். பக்கத்தில் தேதி.

தேதியிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை வரை விரல் விட்டு எண்ணினான். பத்து. அதற்கு முந்தைய இரண்டு. பன்னிரண்டு. மறுபடியும் எண்ணினான். பன்னிரண்டுதான் வந்தது.

பன்னிரண்டு நாள் அந்தப் பிள்ளை குளியலறை வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். வாயால் வாசித்தே காட்டியிருக்கிறாள். பெற்றவர்கள் இருவரும் படித்தவர்கள். அதைக் கேட்டு, நம்பர் போட்டு எழுதி, ஒட்டி வைத்தார்கள். மேலே இருக்கிற இருபத்தேழும் கடுகின் குறை. இருபத்தெட்டாவது கீசரின் குறை. ஒரே பேனா, ஒரே தாள். வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் எச்சரிக்கை மணி ஒன்று இருந்தது, அதைத்தான் அவன் அளவெடுத்து அடைத்திருக்கிறான்.

 குளியலறை வாசலுக்குத் திரும்பி வந்தான்.

"பன்னெண்டு நாளா" என்றான்.

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"அம்மாகிட்ட சொன்னேன்ல" என்றாள் கடுகு, யாரிடமும் இல்லாமல்.

ஆய்வாளர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிறகு படிவத்தை எடுத்தார். பேரும் முகவரியும் கீசர் வாங்கிய வருடமும் கேட்டு எழுதினார். ஒரு கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"வென்டிலேட்டரை யார் சார் அடைச்சது? எதுக்காக?"

பெரியம்மா நாற்காலிக் காலைப் பார்த்தாள். கதவு நிலையைப் பார்த்தாள். கடுகைப் பார்த்தாள். அவள் வாய் திறக்குமுன் அவன் சொன்னான்.

"நான்தான். காலைல குளிர்காத்து அடிக்குதுன்னு."

போன மாதம் வெயில் மண்டையைப் பிளந்த மாதம். ஆய்வாளர் அவனை நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் ஒட்டியிருந்த ஃபோம் துண்டுகளைப் பார்த்தார். ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்ற கடுகைப் பார்த்தார்.

"குளிர்காத்து" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கையெழுத்து வாங்கினார். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

பெரியம்மா தரையில் உட்கார்ந்தாள். கடுகை எப்படித் தொடுவது என்று கேட்டாள். ஐந்தரை வருடத்தில் முதல் தடவை. அவன் சொன்னான். அவள் இரண்டு கையாலும் அந்தச் சின்ன உள்ளங்காலை இறுக்கிப் பிடித்தாள். கடுகு பிடுங்கிக்கொள்ளவில்லை.

"குளிருக்கா தம்பி அடைச்சீங்க?" என்று கேட்டாள், தலை நிமிராமல்.

"குளிருக்குத்தான் அண்ணி."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. இனி யாராவது கேட்டால் அவளும் குளிர் என்றுதான் சொல்வாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வந்தவர் போனவர் எல்லாம் கேட்டதையே அவளும் கேட்டாள். தங்கச்சி கடைசியாக என்ன சொன்னாள்?

பத்தொன்பது நாளாக ஒரே பதில்தான் வைத்திருந்தான். கடுகைப் பார்த்துக்கச் சொன்னாள் என்று. கேட்டவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போதும் அதையே சொன்னான். பெரியம்மா அழுதாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் மனைவி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள். அவன் வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கதவடியில் பட்டையைச் சொருகினான். உள்ளே தண்ணீர் திறக்கும் சத்தம் பாதியாகக் குறைந்தது. பொருத்தமாக வெட்டியிருக்கிறோம் என்று அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, சிரிப்பும் ரகசியமுமாக அவள் குரல் வந்தது.

"இடது மூலைல இன்னும் வெளிச்சம் தெரியுதுங்க. நல்லா அழுத்தி அடைங்க, கடுகு முழிச்சிடப் போறா."