காப்புக் கட்டிய கை

அலமேலு முதல் தடவை நியாயம் கேட்டபோது அவளுக்குக் கிடைத்தது ஒரு வண்டி புளித்த கரும்பு.

கடல் கடந்து வந்து குடியேறிய தீவில், ரிவியேர் டு ராம்பார் பக்கம் துண்டு நிலம் வைத்துக் கரும்பு போட்ட எல்லாருக்கும் ஆலையின் எடைமேடையைத் தெரியும். வெறும் வண்டி ஏறினால் அது அரிச்சந்திரன். கரும்பு வண்டி ஏறினால் மட்டும் பலகைக்கு அடியில் ஒரு ஆப்பு நுழையும், முள் பாதியில் நின்றுவிடும். கண்ணால் பார்த்தவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். வாய்தான் யாருக்கும் இல்லை. வாய் திறந்தவனின் வண்டி ஆலை முற்றத்தில் கடைசி வரிசையில் வெயில் காய வேண்டும்.

போன வருஷம் அலமேலு திறந்தாள். விசாரிக்க அதிகாரி வந்தார். அவள் கரும்பை ஏற்றிப் போகிறவன் கொழுந்தன் பொன்னுசாமி. முதலில் அவனைத்தான் கேட்டார்கள். "பேனா ப்ளேன்த், முசியே" என்றான். புகார் ஒன்றுமில்லை துரை என்று அர்த்தம். மற்ற வண்டிக்காரர்களும் கிளிப்பிள்ளையாக அதையே சொன்னார்கள். அவள் கரும்பு முற்றத்திலேயே கிடந்து புளித்தது.

இந்த வருஷமும் நியாயம் கேட்டுத் தோற்றால் ஆலை அவள் கரும்பைத் தொடவே தொடாது. நிலத்தை ஆலைக்கே விற்றுவிட வேண்டியதுதான். அவள் புருஷன் கல் பொறுக்கிப் பொறுக்கி முதுகு வளைந்து, கடைசியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தானே, அந்த நிலத்தை.

வெட்டு முடியும் மார்கழியில், வயலோரத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். கற்பூரம்கூட எடுத்துப் போகவில்லை. சண்டை போடப் போகிறவளுக்குக் கற்பூரம் எதற்கு?

"ஏண்டி ஆத்தா, இத்தன கண்ணு தெறந்து வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கியே, பாத்தாப் போதுமா?"

பூசாரி வீரசாமிதான் தீமிதிக்குக் காப்புக் கயிற்றை மஞ்சளில் முக்கிக்கொண்டே, எல்லாரிடமும் ஒப்பிப்பதை அவளிடமும் ஒப்பித்தார். "காப்பு கட்டினா கவிச்சி கூடாது, சாராயம் கூடாது, பொய் கூடாது. கைய நீட்டு."

பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் கேட்ட வார்த்தை. அன்றைக்குத்தான் அது காதுக்குள்ளே போனது. நீட்டிய கையைப் பார்த்தபடி அலமேலு சிரித்துவிட்டாள். ஆத்தா சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஊரில் வண்டி ஓட்டுகிறவன் ஒருவன் பாக்கியில்லாமல் அத்தனை பேர் கையையும் கட்டிப்போட்டிருக்கிறாள்! தான் செய்ய வேண்டியது நாள் குறிப்பது மட்டும்தான் என்று அவளுக்குப் பளிச்சென்று பட்டது.

மறுநாளே கோர்ட்டுக்கு நடந்து மறுபடியும் புகார் கொடுத்தாள். குமாஸ்தா, "திருவிழா முடியட்டும், பிறகு விசாரணை வைக்கலாம்" என்றார். "நடுவுலயே வைங்க ஐயா" என்றாள். ஆலைக்காரர்களும் உடனே சம்மதித்தார்கள். கோயில் மும்முரத்தில் ஒரு சாட்சியும் வராது என்று அவர்களுக்குக் கொண்டாட்டம்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் பொன்னுசாமி வந்து வாசலிலேயே நின்றான். மகளின் காய்ச்சல் இறங்கியதற்காகத் தீமிதி நேர்ந்துகொண்டவன்.

"வேணாம் அண்ணி. போய் ஆலை சர்தார் கால்ல விழுந்துடுங்க. பூனைக்கு யார் மணி கட்டறது?"

"ஒன் கையிலயே கட்டியிருக்கே தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு போனான். அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பின்வாங்குகிற எண்ணம் துளியும் வரவில்லை.

விசாரணை எடைமேடை அருகிலேயே நடந்தது. வண்டிக்காரர்கள் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக வந்து நின்றார்கள். அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்கிறவர், எதிரே ஆலையாட்களை மேய்க்கிற சர்தார். சர்தாரும் நம் ஆள்தான். அதனால்தான் அந்த மஞ்சள் கயிறுகளைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"எடையில் ஏதாவது குறை உண்டா?" என்று பொன்னுசாமியிடம் கேட்டார்கள்.

"பேனா..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த நாக்கு அப்படியே நின்றது. அவன் விரல்கள் மணிக்கட்டுக்குப் போயின. கழற்றிவிட்டால் தன் நிலம் போயிற்று என்று அலமேலுவுக்குத் தெரியும். அவனை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

சர்தாருக்குப் பொறுமை போயிற்று. "கயித்த அவுத்துப் போட்டுட்டு சொல்லேன்டா!" என்று பல்லைக் கடித்தார்.

அதிகாரி திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

மொழிபெயர்க்கிறவர் உள்ளதை உள்ளபடியே சொன்னார்: கையிலிருக்கும் கயிற்றைக் கழற்றிவிட்டுப் பதில் சொல்லச் சொல்கிறார்.

"பதில் சொல்வதற்குக் கயிற்றை ஏன் கழற்ற வேண்டும்?"

பொன்னுசாமி அண்ணியைப் பார்த்தான். பிறகு கையைக் கயிற்றோடு முன்னால் நீட்டினான்.

"பொய் சொல்றதுக்கு, முசியே."

பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிக் காட்டி, பலகைக்கு அடியில் ஆப்பு இருக்கிறது என்றார்கள். அதிகாரி எழுந்து, பலகையைப் பெயர்க்கச் சொன்னார். ஆலையாட்கள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. முதலில் குனிந்து பலகையில் கை வைத்தவள் அலமேலுதான். மறுமுனையைப் பொன்னுசாமி பிடித்தான்.