மாமாவுக்கு மட்டும் எல்லை இல்லை

ஜெர்சன் ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் மாடி அறை ஒன்றைப் பிடித்து, ஊர்க் கம்பெனிகளின் இணையதளங்களையெல்லாம் ஒரே சர்வரில் குடிவைத்திருந்தான். அதில் ஒருவர் தும்மினால் அத்தனை பேருக்கும் ஜலதோஷம் பிடிக்கும். போன மே மாதம் ஒரு பள்ளிக்கூடம் தேர்வு முடிவை வெளியிட்டது. வஹீதாவின் ஷூ கம்பெனி தளம் மதியம்வரை படுத்துவிட்டது. பெற்றோர்கள் மார்க் பார்த்தார்கள், வெளிநாட்டு வியாபாரி வெள்ளைத் திரையைப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா நான் சென்னைக்காரங்க கிட்ட போய்டுவேன்" என்றார் வஹீதா. அவர் சொல்லித்தான் மற்ற தோல் கம்பெனிகள் வந்திருந்தன. அவர் போனால் எல்லோரும் போவார்கள். பிறகு மாமனார் சிபாரிசு செய்யும் பள்ளிக்கூட குமாஸ்தா வேலைதான். 

அந்தப் பயத்தில் ஜெர்சனுக்கு ஞானம் பிறந்தது. சர்வரைப் பிரித்துத் தனித்தனி விர்ச்சுவல் சர்வர்களாக்கினான். இன்னாருக்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு வேகம், அதற்குமேல் ஒரு பொட்டுகூடக் கிடையாது.

"ஒரே கட்டடம்தான் மேடம், ஆனா தனித்தனி வீடு" என்று வஹீதாவிடம் விளக்கினான். "ஒவ்வொரு வீட்டுக்கும் தனி தண்ணி டேங்க். பக்கத்து வீட்டுக்காரர் குழாயைத் தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போனாலும் உங்களுக்குக் கம்மி ஆகாது."

எல்லோருக்கும் எல்லை போட்டு முடித்து, கடைசியாக மாமனார் நடத்தும் சபையின் தளத்துக்கு வந்தான். மாமனார், போதகர் தானியேல், திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாப்பிள்ளை, கர்த்தருடைய காரியத்துக்கே அளவு போடுறீங்களா?"

மனைவி ஜெனிஃபா அப்பாவுக்குப் பின்னால் நின்றபடி ஜெர்சனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் தொழில்நுட்பத்தில் பதில் கிடையாது. சபைக்கு மட்டும் எல்லைக் கட்டத்தைக் காலியாக விட்டான்; காலி என்றால் வரம்பில்லை, மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு நாற்பது பேர் பார்க்கும் தளம், அது எவ்வளவு குடித்துவிடும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை சபையில் சிறப்பு உபவாசக் கூட்டம். நேரடி ஒளிபரப்பு. தூரத்து ஊர்களில் வேலைபார்க்கும் சபைப் பிள்ளைகள் அத்தனை பேரும் பக்தியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சபை மொத்த சர்வரையும் உறிஞ்சியது. உபவாசம் மற்றவர்களுக்குத்தான்.

வஹீதா படியேறி வந்தார், காதில் போனோடு. "சென்னை ஓட்டல்ல இத்தாலிக்காரர் உக்காந்திருக்காரு. சாம்பிள் பார்த்துட்டு ஏர்போர்ட் போகணும். பேஜ் சுத்திக்கிட்டே இருக்கு. எங்க போச்சு ஜெர்சன் என்னோட டேங்க்?"

ஜெர்சன் திரைகள் பக்கம் திரும்பினான். ஒரு திரையில் மாமனார் முழங்கிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் அந்தக் காலிக் கட்டம் அவனைப் பார்த்து இளித்தது. குமாஸ்தா நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் போட்ட அதே அளவைச் சபைக்கும் போட்டான்.

போனில் இத்தாலிக்காரர் உற்சாகமாக ஏதோ சொன்னார். வஹீதாவின் முகம் தெளிந்தது.

மாமனாரோ அப்போதுதான் கையை உயர்த்தியிருந்தார். "இந்த ஒளிபரப்புக்கு உதவி செஞ்ச என் அருமை மாப்பிள்ளை..." அத்தோடு திரையில் உறைந்துவிட்டார். வாய் திறந்தபடி, கை தூக்கியபடி, அசையவே இல்லை.

வஹீதா அந்தத் திரையைக் குனிந்து பார்த்தார். "யாரு இவரு?"

"தெரியல மேடம்" என்றான் ஜெர்சன். "பக்கத்து வீட்டுக்காரர்."

மேசைமேல் ஜெர்சனின் போனில் ஜெனிஃபாவின் அழைப்பு மூன்றாவது முறையாக அடித்தது.