நாலாம் பக்கத்தின் கடைசி வரி

"நாலாம் பக்கத்துல கடைசி வரியை எழுதினது யாரு மேடம்?" என்று அந்தப் பெண் போனில் கேட்டபோது, நான் டிபன் பாக்ஸைக் கழுவி மேஜையில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் ஆறு வருஷமாகக் கையேடு எழுதுகிறவளுக்கு வசவு புதிதில்லை. அவர் பஸ் நம்பர் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"நான்தான். சுந்தரவல்லி."

அவர் பெயர் மெஹர் பானு. கீழ்க்கட்டளையில் டி.டி.பி. வேலை செய்கிறவர். மகள் மாஹிரா பிறந்தபோது கணவர் அக்தர் சவுதியில் இருந்தார். வர முடியாமல் ஒரு சிடி அனுப்பினார். முதலில் போட்டோக்கள், அதற்குப் பின்னால் ஆடியோவாக அவர் குரலில், பிறந்த குழந்தையின் காதில் ஓதும் பாங்கு, கடைசியில் மூன்று தடவை குழந்தையின் பெயர். பிறந்த அன்றே தாத்தா பாங்கு சொல்லிவிட்டார்தான். ஆனாலும் இதையும் குழந்தையின் வலது காதருகே போட்டார்கள். மறு வருஷம் ஒரு விபத்தில் போன அக்தரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

சிடியில் கீறல் விழத் தொடங்கியதும் மெஹர் பானு அதை அப்படியே ஒரே ஃபைலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். இமேஜ் என்பார்கள். பிறகு சிடி உடைந்தே போனது; கம்ப்யூட்டரிலிருந்தே ஸ்பீக்கரில் மகளுக்கு அந்தக் குரலைப் போட்டுவந்தார். போன மாதம், அந்த இமேஜைத் திறக்கிற சாப்ட்வேர் காலாவதியாகிவிட, எங்கள் கன்வெர்ட்டரைக் கொண்டு வேறு வகைக்கு மாற்றினார். போட்டோக்கள் வந்தன. குரல் வரவில்லை.

அந்தக் கன்வெர்ட்டரில் பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். கையேட்டை விட்டால் கதியில்லை. எழுதும்போது, அந்தப் புரோகிராமைச் செய்த முனிரத்தினத்திடம் "சிடியில இருக்கறது எல்லாம் வந்துடுமா?" என்று கேட்டேன். திரும்பாமலே "வந்துடும் மேடம்" என்றார். ஒரு பாட்டு சிடியைப் போட்டுப் பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. பார்க்கவில்லை. நாலாம் பக்கத்தின் அடி மொட்டையாகத் தெரிந்தது. 'மாற்றிய பின் பழைய ஃபைலை அழித்துவிடலாம்' என்று எழுதி அழகாக முடித்தேன்.

"ஆடியோ வராது, போட்டோ மாதிரி டேட்டா மட்டும்தான். அது எல்லாருக்கும் தெரியுமே மேடம்," என்றார் முனிரத்தினம் இப்போது. எல்லாருக்கும் தெரியுமென்றால் எனக்கு எதற்கு ஐயா சம்பளம்? ஆனால், பார்க்காமலே நானும்தானே எழுதினேன்.

மறுநாள் ஆபீஸ் லேப்டாப்போடு நானும் முனிரத்தினமும் மெஹர் பானு வீட்டுக்குப் போனோம். கம்ப்யூட்டர் மேல் துணி போர்த்தியிருந்தது.

"கவனிக்காம ரெண்டு நாள் அதுல வேலை செஞ்சுட்டேன். தெரிஞ்சதும் நிறுத்தினது. ஒம்பது நாளாச்சு, தொடலை," என்றார். அழித்த ஃபைல் உடனே மறைந்துவிடாது. அது இருந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். அந்த இரண்டு நாளில் எங்கே என்ன எழுதப்பட்டதோ.

மேஜையில் என் கையேடு இருந்தது. செய்யச் செய்ய ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் டிக் போட்டிருந்தார். கடைசி வரிக்கும். எனக்கு அங்கே உட்காரக் கூசியது.

"அழிக்கிறப்ப மனசுக்கு ஒப்பலை," என்றார். "அச்சுல இருக்கேன்னு நம்பிட்டேன்."

முனிரத்தினம் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் இணைத்து, மீட்கும் கட்டளையைத் தட்டி, என்டரை அழுத்துமுன் நிமிர்ந்தார். மெஹர் பானு அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"கிடைச்சிடுமா? தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க."

"தெரியல," என்றேன்.

மெஹர் பானு தலையசைத்தார். எட்டி என்டரைத் தானே அழுத்தினார். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

அதைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து மாஹிரா ஓடி வந்தாள். மூன்று வயதிருக்கும். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியில் ஏறி, காதில் கிடந்த முடியை ஒதுக்கி, மேஜையிலிருந்த பழைய ஸ்பீக்கரில் வலது காதை ஒட்ட வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்பீக்கரின் ஒயர் எதிலும் சொருகப்படாமல் மேஜையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.