மணிக்கூண்டின் முதுகு

பிப்ரவரி ஒன்பதாம் தேதி முற்பகலில், மணிக்கூண்டுக்குப் பின்தெருவில் உள்ள ஏழு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் நான்காவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் இடையில் நின்றது. உள்ளே ஒரு பெண், மூன்று பெட்டிகளோடு இருந்தாள். மின்சாரத்தை நிறுத்தியவர் அவளுடைய அப்பா. லிஃப்ட் மெக்கானிக்.

முந்தைய நாள் காலையில்தான் அவர் வந்து இறங்கியிருந்தார். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் கேமராவோடு வந்து இறங்கும் ஊர் அது. இளவயதில் ஆறு வருடம் அங்கே வேலை பார்த்தவர். அந்த ஆறு வருடமும் பெரும்பாலும் லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள்தான் கழிந்தது. மேலே ஏறினால் சூப்பர்வைசரின் திட்டு, கீழே இறங்கினால் கட்டடக்காரரின் திட்டு. சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த ஊரின் பேச்சை எடுத்தால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். "சொத்துத் தகராறுல இருக்கிற பங்காளியப் பத்திப் பேசற மாதிரியே பேசறீங்க" என்று மனைவி சிரிப்பாள். படித்து முடித்த மகள் அதே ஊரில்தான் ஆஸ்பத்திரி லேபில் வேலை என்று கிளம்பியபோது, அங்கே இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

போன மாதம் அவளே போன் செய்தாள். "முடியலப்பா. வேலைய விட்டுட்டேன். நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க. தனியா வந்து வாசல்ல நிக்க முடியாது. அத்தை, சித்தி எல்லாரும் கேப்பாங்க. நீங்க பக்கத்துல நின்னா வாயத் திறக்க மாட்டாங்க." நான்தான் வரச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம், கவலைப்படாதே என்றார். போனை வைத்ததும் அவருக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. தான் சொன்னதுதான் கடைசியில் நடந்தது என்ற சந்தோஷம். அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று காலை அந்தக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், தன் அறையில் மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவர் துணியை மடித்துக் கொடுத்தார், அவள் பிரித்து மறுபடி மடித்தாள். "அப்பா, கொஞ்ச நேரம் கீழ போய் இருங்களேன். காலுக்குள்ளயே சுத்துறீங்க." இறங்கினார். லிஃப்ட் நடுவழியில் ஒருமுறை முனகியது. பிரேக் பக்கம் ஏதோ உரசுகிறது என்று காது சொன்னது. தரைத்தளத்தில் தையல் கடை. தையல்காரர் தன் மிஷினை நிறுத்தாமலே அவரை ஏற இறங்கப் பார்த்தார். லிஃப்டுக்குள் நின்று கூரையை அண்ணாந்து பார்க்கும் ஆள் வேறு யாராக இருக்க முடியும்?

"கம்பெனி ஆளா? எத்தனை தடவை போன் பண்றது? இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "சாவி எங்க?" என்றார்.

"போன தடவ வந்தவரு எண்ணெய் விட்டாரு. இப்ப லிஃப்ட் பளபளன்னு இருந்துக்கிட்டே முனகுது" என்றபடி தையல்காரர் சாவியைக் கொடுத்தார்.

மோட்டார் அறை மொட்டை மாடியில் இருந்தது. அறைக்குள் நுழையும் முன் அவர் திரும்பினார். மணிக்கூண்டு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. படங்களில் வரும் மணிக்கூண்டு அல்ல, அதன் பின்பக்கம். செதுக்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. வெறும் செங்கல், மேலிருந்து கீழ்வரை ஒரு துருப்பிடித்த தண்ணீர்க் குழாய், கடிகாரம் இருக்க வேண்டிய வட்டத்தில் பலகை அடித்த ஓட்டை. பாதி உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதில் யாரோ ஒரு சட்டையைக் காயப்போட்டிருந்தார்கள். கோட்டுப் போட்ட பெரிய மனிதரைக் கிழிந்த பனியனோடு பார்த்துவிட்டதுபோல இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே போனார். மெயின் சுவிட்சை இறக்கினார். லிஃப்ட் காலியாக இருக்கிறதா என்று பார்க்காமல், ஒவ்வொரு மாடியிலும் எச்சரிக்கைப் பலகை மாட்டாமல் சுவிட்சில் கை வைக்கக்கூடாது. இதற்காக எத்தனையோ பேரை வாய்க்கு வந்தபடி ஏசியவர் அவர். அப்போது லிஃப்டை இழுக்கும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்பதைப் பிறகு எவ்வளவு யோசித்தும் அவரால் சொல்ல முடியவில்லை. ஸ்பேனரை எடுக்காமல் மறுபடி வெளியே வந்தார்.

இந்த முறை மணிக்கூண்டைத் தாண்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்து மைதானத்தில் கூட்டம் அண்ணாந்து நின்றது. அவர் கூண்டுக்குப் பின்னால் நின்றதால் அத்தனை முகங்களும் அவர் பக்கம் திரும்பியிருந்தன. அவரை யாரும் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் நகர முடியவில்லை. வாய் பிளந்த முகங்கள், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்த முகங்கள், தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்த ஒருவன். ஆறு வருடத்தில் இந்த ஊர் ஒரு நாளும் அவர் பக்கம் முகம் திருப்பியதில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. வயசான காலத்தில் இது என்ன கூத்து என்று நினைத்தார்.

எங்கோ லிஃப்டின் அபாய மணி அடித்தது. தூக்கத்திலும் அவரை எழுப்பிவிடும் சத்தம். அடிக்கட்டும், அந்தக் கட்டடத்து மெக்கானிக் பார்த்துக்கொள்வான் என்று தோன்றியது. அது எந்தக் கட்டடம் என்று தோன்றவில்லை.

தையல்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "அண்ணே, ஒரு பொண்ணு உள்ள மாட்டிக்கிச்சு. மணி கேக்கலையா?"

சுவிட்சை ஏற்றிவிட்டு அத்தனை மாடியும் ஓடி இறங்கினார். கீழே லிஃப்ட் திறந்திருந்தது. மகள் பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"நீங்களாப்பா நிறுத்தினது?"

"ஆமாம்மா."

"நான் உள்ள இருக்கேன்னு தெரியுமா?"

தெரியாது என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை வந்து சேரக் கொஞ்சம் தாமதமானது. அந்தத் தாமதத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே இறங்கி வந்த தையல்காரர், "உங்க அப்பாவா? நான் கம்பெனி ஆளுன்னு நெனச்சேன்" என்றார்.

"நான் அப்பான்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

டாக்சியில் ஸ்டேஷன் வரைக்கும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதே தெருக்கள்தான். அப்போது பிடிக்காத ஒவ்வொன்றும் அப்படியேதான் இருந்தது. எது மாறியது என்று தேடித் தேடிப் பார்த்தார்.

"இங்க இருந்தா பைத்தியம் பிடிக்கும்னு சொன்னது நீங்கதானே?"

"சொன்னேன்."

"இப்ப?"

"தெரியலம்மா. அந்த பிரேக்க அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

"அதுக்கா இந்த முகம்?"

"அதுக்கில்ல." ஒரு சிக்னல் தாண்டியதும், "ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

அவள் கைப்பையிலிருந்து இரண்டு டிக்கெட்டையும் எடுத்துப் பார்த்தாள். பிளாட்பாரத்தில் பெட்டிகளை ஏற்றிவிட்டு அவர் கீழேயே நின்றார். மகளின் போனில் மனைவி கூப்பிட்டாள். திரையில் அம்மா பேரைப் பார்த்துவிட்டு மகள் போனை அவரிடம் நீட்டினாள். "ஏறிட்டீங்களா?" என்றாள் மனைவி. "அவ ஏறிட்டா" என்றார் அவர்.

மகள் கைப்பையைத் துழாவி அறைச் சாவியை எடுத்து, ரயில் வாசலிலிருந்து குனிந்து அவர் சட்டைப் பையில் போட்டாள். "மாசக் கடைசி வரைக்கும் ரூம் நம்மளதுதான். சித்திகிட்ட நான் என்ன சொல்றதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சட்டைப் பைக்கு மேலாகச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், அப்பாவின் இருக்கையில், பெரிய பெட்டி இருந்தது.