முப்பத்து மூன்றாவது கேள்வி

2006-ஆம் வருஷம் ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஓய்வு பெற்ற போக்குவரத்து ஏட்டு தணிகாசலம் உழவர்கரையில் மகள் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று வலது கையை உயர்த்தினார். அடுப்பில் பொங்கி வந்த பால் பாத்திரத்தின் விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலே வந்து அப்படியே நின்றது. மின்விசிறி நின்றது. குழாய்த் தண்ணீர் பாதி வழியில் குச்சி மாதிரி நின்றது. ஜன்னலுக்கு வெளியே கோலமாவு விற்றுக்கொண்டு வந்த சைக்கிள்காரர் மிதித்து மிதித்துப் பார்த்துவிட்டு, இறங்கிச் செயினைத் தடவினார். தணிகாசலத்தின் கண்ணுக்குத் தெரிந்த தூரம் வரைக்கும் ஓடுவது, சுழல்வது, விழுவது, பறப்பது எல்லாம் நின்றன. நடப்பவர்களை மட்டும் அந்தக் கை ஒன்றும் செய்யவில்லை. முப்பத்தாறு வருஷ சர்வீஸில் பாதசாரிகளை ஒரு நாளும் மறிக்காத மனுஷன், இப்போது மட்டும் மறிப்பாரா? காக்கைகள் பறந்தால் நின்றன, தத்தினால் போயின. அன்றைக்கு மார்க்கெட்டில் தக்காளி கிலோ ஒன்பது ரூபாய்.

கை உயர்ந்தது பெரிய விஷயமில்லை, இறங்காததுதான் விஷயம். நெல்லித்தோப்பு முனையில் சிவப்புக் கெப்பித் தொப்பியை வைத்துக்கொண்டு நின்ற காலத்தில் அவர் இரண்டு நிமிஷத்தில் கையை இறக்கி வண்டிகளை விட்டுவிடுவார். இப்போது இறக்க மறந்துபோனார். கை மேலே இருக்கும்வரை அவர் சாப்பிடவும் மாட்டார், தண்ணீர் குடிக்கவும் மாட்டார், உட்காரவும் மாட்டார். களைத்து மயங்கி விழுந்தால்தான் பால் பொங்கி வழியும், விசிறி சுற்றும். நரம்பு டாக்டர் டிமென்ஷியா என்று எழுதிக் கொடுத்தார். பெண்டாட்டி செத்துப்போனதை மறப்பதும், பெற்ற மகளை யாரோ ரோட்டைக் கடக்க வந்த பொம்பளை என்று நினைப்பதும் அதில் சகஜமாம். பாலை நிறுத்துவது அவர் படித்த புத்தகத்தில் இல்லையாம். ஐப்பசிக்குள் தணிகாசலம் பதினேழு கிலோ இளைத்தார். மகள் ஜெயசித்ராவிடம் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "இன்னும் நாலஞ்சு வாட்டி இப்படி நாள் பூரா நின்னார்னா இதயம் தாங்காதும்மா."

ஜெயசித்ரா அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நாலு வருஷமாக அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் அவளுடைய லீவெல்லாம் தீர்ந்து, சம்பளமில்லாத லீவும் தீர்ந்திருந்தது. அவள் புருஷன் பாலாஜி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். தங்கமான மனுஷன்தான், மூளை மட்டும் சில நாள் அவனைக் கேட்காமல் வெளியூர் போய்விடும். மேலதிகாரி உத்தரவு போட்டால் மாமனார் கையை இறக்குவார் என்று யோசனை பண்ணி, நாடக டிரஸ் வாடகைக்கு விடும் கடையிலிருந்து இன்ஸ்பெக்டர் உடுப்பு எடுத்து மாட்டிக்கொண்டு எதிரே போய் நின்று, "கையை இறக்குய்யா" என்று அதட்டினான். தணிகாசலம் இடது கையால் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். வலது கை இன்னும் நாலு அங்குலம் மேலே போனது. இன்ஸ்பெக்டரே ரோட்டில் இறங்கி நிற்கிறார் என்றால் மந்திரி கார் வருகிறது என்று அர்த்தம், எந்தப் போலீஸ்காரனுக்கும் தெரியும். வராத மந்திரிக்காக அன்றைக்கு அவர் பதினோரு மணி நேரம் நின்றார். மழை வேறு. தெரு முழுக்கத் துளித் துளியாகத் தொங்கிய மழையை ஜனங்கள் கையால் ஒதுக்கிக்கொண்டு ஆபீஸ் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் இல்லம் தேட ஆரம்பித்தார்கள். பாலாஜி பிரவுசிங் சென்டருக்குப் போய், முதியோர் இல்லத்தில் கேட்க வேண்டிய முப்பத்திரண்டு கேள்விகளைப் பிரிண்ட் எடுத்து வந்தான். வழுக்கும் தரையா, இரவில் நர்ஸ் உண்டா, பல் செட்டை யார் கழுவுவார்கள் என்று போனது பட்டியல். ஜெயசித்ரா கடைசியில் பேனாவால் முப்பத்து மூன்றாவதை எழுதினாள்: எங்கப்பா கையைத் தூக்கினால் யார், எப்படி இறக்குவீர்கள்? அப்பாவைக் கொண்டுபோய் விடப்போகிறோமே என்ற வெட்கம் ஒரு பக்கம், எங்கேயோ ஒருத்தர் பதில் வைத்திருப்பார் என்ற பரபரப்பு ஒரு பக்கம். ஸ்கூட்டியின் பின்னால் அப்பாவை உட்கார வைத்து, வலது கை சும்மா இருக்கக் கூடாதென்று அதில் ஒரு கறிகாய்ப் பையைக் கொடுத்து, ஊர்வலம் போகிறவள் மாதிரி கிளம்பினாள்.

முதல் இல்லம் உழவர்கரையிலேயே, மூன்று மாடி, லிப்ட், வழுக்காத டைல்ஸ். மேனேஜர் தட்சிணாமூர்த்தி டை கட்டிக்கொண்டு முப்பத்திரண்டு கேள்விக்கும் ஆமாம் சொன்னார். முப்பத்து மூன்றாவதைப் படித்துச் சிரித்துவிட்டு, "நம்ம வார்டு பசங்க ரெண்டு பேர் போதும் மேடம்" என்றார். அந்த நேரம் பார்த்து லிப்ட் கதவு திறந்தது. தணிகாசலம் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். வார்டு பசங்க இரண்டு பேரும் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினார்கள். கை அசையவில்லை, பசங்கதான் தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் நின்றார்கள். மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டு, தினமும் காலையில் ஒரு ஊசி போட்டுவிட்டால் சாயந்திரம் வரை பிரச்சினையே இருக்காது என்றார். ஜெயசித்ரா முகத்தைப் பார்த்து மறுபடி அதைச் சொல்லவில்லை. சாயந்திரம் அப்பா மயங்கி விழுந்த பிறகு அவள் ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

இரண்டாவது இல்லம் கடற்கரைப் பக்கம், பழைய மஞ்சள் சுவர் பங்களா. நடத்தியவர் பாரீஸில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பிய ஜொசியான் அம்மா. தணிகாசலத்தை வாசலுக்கு வந்து, "போன்ழூர் முசே, வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். படுக்கை விரிப்பு பூப்போட்டது, பல் செட்டுக்குத் தனிக் கிண்ணம். ஜெயசித்ராவுக்கு மனசு குளிர்ந்தே போனது. மாடி பால்கனியில் காப்பி கொடுக்கும்போது தணிகாசலம் எழுந்து கடலைப் பார்த்துக் கையைக் காட்டினார். அலை நின்றது. மடிந்து விழ வந்த அலையெல்லாம் மடிந்தபடியே வரிசையாக நின்றது. அரைமணியில் பீச் ரோடு நிறைந்துவிட்டது. குருசுக்குப்பத்து மீனவர்கள் வந்து பார்த்தார்கள். இரண்டு வருஷம் முன்னால் கடல் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஏட்டய்யாவ இங்கயே வெச்சிடும்மா, நாங்க தலமுறைக்கும் மீன் குடுக்கறோம்" என்றார்.

ஜொசியான் அம்மாவுக்கும் அதுதான் ஆசை. கையை இறக்க வேண்டிய அவசியமென்ன என்று கேட்டார். "அவர் நிக்கட்டும் மதாம். குடை பிடிக்கிறோம், பின்னால நாற்காலி போடறோம். அது அவருடைய கௌரவம்." நல்ல வார்த்தைதான். ஆனால் ஜெயசித்ரா அப்பாவின் முழங்கால் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கும்பிட்டுக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"அவரு கடலுக்குக் காவலில்ல, எங்கப்பா. அவருக்குப் பசிக்கும்" என்றாள். ஆறு மணிக்கு அவர் சாய்ந்தபோது நின்ற அலையெல்லாம் சேர்ந்து வந்து பீச் ரோட்டில் எல்லோரையும் முழங்கால்வரை நனைத்தது. ஜொசியான் அம்மா தன் கையாலேயே அவருக்குக் காலைத் தேய்த்துவிட்டார்.

மார்கழியில் மூன்றாவது இல்லத்துக்குப் போனது மனசில்லாமல்தான். அரியாங்குப்பத்தில், ஆற்றுப்பாலம் தாண்டி, கடலூர் ரோட்டைப் பார்த்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. பதினோரு பேர் இருந்தார்கள். லிப்ட் இல்லை, டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார், பல் செட்டை அவரவரே கழுவிக்கொள்ள வேண்டும். பதில் சொன்னது அன்னக்கிளி, சமையலும் கவனிப்பும் அவள்தான். கொல்லையில் உட்கார்ந்து சங்கரா மீன் கழுவிக்கொண்டே சொன்னாள். முதல் பதினெட்டு கேள்வியில் பத்துக்கு இல்லை என்றாகிவிட்டதும் ஜெயசித்ரா காகிதத்தை மடித்தாள். அதற்குள் வாசலில் தணிகாசலம் கறிகாய்ப் பையைக் கீழே வைத்துவிட்டிருந்தார். கடலூர் பஸ் ஒன்றும் இரண்டு லாரியும் ஒரு மாட்டு வண்டியும் நின்றன. பஸ் புகை பின்னால் பஞ்சு மாதிரி நின்றது. பாலத்துக்குக் கீழே ஆறு நின்றது.

ஜெயசித்ரா ஓடிப்போய், மயங்கி விழுந்தால் பிடிக்கத் தோதாக அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். அன்னக்கிளி வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"இவரு டூட்டி எத்தினி மணியோட முடியும்?" என்று கேட்டாள்.

"ரிட்டயராகி எட்டு வருஷமாச்சு."

"அத கேக்கலம்மா. பகல் டூட்டியா, ரெண்டு மணிக்கு மாறுமில்ல?"

பதிலுக்குக் காத்திராமல் அன்னக்கிளி மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். தணிகாசலத்தின் இடது பக்கம் போய், வெறுங்காலைச் சேர்த்து வைத்து, ஒரு சல்யூட் அடித்தாள்.

"ரிலீவர் வந்துட்டேன், ஏட்டய்யா. பாயிண்ட்ட ஒப்படைங்க."

தணிகாசலம் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து மாதமாக யாரையும் அப்படிப் பார்க்காதவர். "ஏன் லேட்டு?" என்றார். பிறகு, "கடலூர் சைடு பஸ் ஒண்ணு, லாரி ரெண்டு. மாட்டு வண்டிய மொதல்ல வுடு, மாடு மெரளுது" என்றார். அன்னக்கிளி கையை உயர்த்தினாள். அவர் தன் கையை இறக்கினார். ஒரு மூச்சு விடும் நேரம், கடலூர் ரோடும் அரியாங்குப்பத்து ஆறும் அன்னக்கிளியின் மீன் வாசனையடிக்கும் உள்ளங்கையில் நின்றன. பிறகு அவள் மாட்டு வண்டியை முதலில் விட்டாள். தணிகாசலம் உள்ளே வந்து ஒரு செம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்துவிட்டு, "குழம்பு ஆச்சா?" என்று கேட்டார். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

ஜெயசித்ராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாலாஜிக்குப் போன் போட்டு என்ன சொன்னாளென்று அவனுக்குப் புரியவில்லை. அன்னக்கிளி இருபது வருஷம் நெல்லித்தோப்பு முனையில் கூடை வைத்து மீன் விற்றவளாம். பாலாஜியின் இன்ஸ்பெக்டர் வேஷத்தைக் கேட்டுச் சிரித்தாள். "இன்ஸ்பெக்டரு சொன்னா எறங்காதும்மா. இன்னொரு ஏட்டு வந்து நின்னாத்தான் எறங்கும். பாயிண்ட்ட அனாமத்தா வுட்டுட்டு எப்பிடிப் போவாரு மனுஷன்?" ஜெயசித்ராவுக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ஜெயசித்ரா பிறந்த அன்றைக்கு ரிலீவர் நாலு மணி நேரம் தாமதமாம், அப்பா அந்த நாலு மணி நேரமும் முனையிலேயே நின்றுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினாள்.

2007 பொங்கல் கழிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, நாலு வேட்டியும் கெப்பியும் மாத்திரை டப்பாவுமாக அப்பாவைக் கொண்டுவந்து விட்டாள். சாயந்திரம் வாசலில் ஸ்கூட்டி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள், கிளம்ப முடியவில்லை. அன்னக்கிளி வந்து அவளுக்கு இடது பக்கம் நின்று காலைச் சேர்த்தாள்.

"ரிலீவர் வந்துட்டேன், டீச்சரு."

ஜெயசித்ரா சொன்னாள்: "காலைல வெள்ள மாத்திர ஒண்ணு, சோத்துக்கப்புறம். காப்பில சக்கர போடலன்னா குடிக்க மாட்டாரு, கொஞ்சமா போடுங்க. வலது காது கேக்காது. விளக்கு வெக்கற நேரத்துல எங்கம்மா எங்கன்னு கேப்பாரு, செத்துட்டாங்கன்னு சொல்லிடாதீங்க. ஒவ்வொரு வாட்டியும் புதுசா அழுவுறாரு. கடைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுங்க."

"சரி, நான் பாத்துக்கறேன். நீ போ" என்றாள் அன்னக்கிளி.

ஜெயசித்ரா வண்டியை எடுத்தாள். ரோட்டில் இரண்டு பக்கமும் வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. தணிகாசலம் கெப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கி நடுரோட்டுக்கு வந்து, வலது கையை உயர்த்தினார். பஸ் நின்றது, லாரி நின்றது, ஆறு நின்றது, தென்னை ஓலை காற்றில் சாய்ந்தபடி நின்றது. உலகத்தையே நிறுத்திவிட்டு, அவர் இடது கையால் அவள் ஒருத்திக்கு மட்டும் போ என்று காட்டினார். ஸ்கூட்டி ஓடியது. கடந்து போகும்போது, "பாத்துப் போம்மா" என்றார். யாரென்று தெரிந்து சொன்னாரா, ரோட்டைக் கடக்கிற எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை. பாலம் தாண்டும்வரை அழுதுகொண்டே ஓட்டினாள். பின்னால் அன்னக்கிளி வந்து பாயிண்ட்டை வாங்கிக்கொண்டாள்.

அவர் எடை கூடியது, பங்குனிக்குள் எட்டு கிலோ. அவள் எல்லா ஞாயிறும் வந்தாள், எல்லா ஞாயிறும் நாலரைக்கு அப்படித்தான் போனாள். கடலூர் பஸ்காரர்கள் அந்த நேரத்துக்கு அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் பழகிக்கொண்டார்கள். அவசரமாகப் போக வேண்டியவர்கள் இறங்கி நடந்தார்கள். நடப்பவர்களை ஏட்டய்யா நிறுத்துவதில்லை.